லினக்ஸுக்கும் உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் ஒரே கீபோர்ட், ஒரே மவுஸ்

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: உங்கள் விஎம் (லினக்ஸுக்குள் தனிக் கணினி போல ஓடும் விண்டோஸ்) லினக்ஸ் திரையில் ஒரு ஜன்னலாக ஓடுகிறதா, தனி மொனிற்றரில் ஓடுகிறதா? வழி இதில்தான் பிரிகிறது. ஜன்னலில் ஓடும் விஎம்முக்குக் கூடுதல் மென்பொருள் தேடி அலையத் தேவையில்லை.

என்னுடையது ஜன்னல்தான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் டைப்செட்டிங் செய்கிறேன்: கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கும் புத்தகம்). பழைய கல்வெட்டுகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அதற்காகவே ஒரு பழைய விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருளில் வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து படம் வருவது, அதைத் திருத்துவது, பிள்ளைகளோடு கதைப்பது எல்லாம் லினக்ஸில். 31ஆம் நாளுக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டிய வேலையில், நிமிடத்துக்கொரு தடவை மவுஸ் உள்ளே சிக்கினால் சரிவராது.

விஎம்மைப் புதிதாகப் போட்டவுடன் சிக்கத்தான் செய்யும். ஜன்னலுக்குள் கிளிக் செய்தால் மவுஸ் வெளியே வராது. வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை மட்டும் ஒருமுறை தட்டுங்கள், விட்டுவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு ஹோஸ்ட் கீ என்று பெயர். ஜன்னலின் வலது கீழ் மூலையில் அது எந்த விசை என்று எழுதியிருக்கும். விஎம்வேர் என்ற இன்னொரு விஎம் மென்பொருளைப் பாவிப்பவர்கள் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில லேப்டொப் கீபோர்டுகளில் வலப்பக்கக் கண்ட்ரோலே இல்லை. அப்படியென்றால் விர்ச்சுவல்பாக்ஸின் பொது அமைப்புகளில் இன்புட் பகுதிக்குப் போய் ஹோஸ்ட் கீயை வேறொரு விசைக்கு மாற்றுங்கள்.

இதை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்காமல் இருக்க, விஎம் ஓடும்போது டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சீடியைச் செருகச் சொல்லும் வரியை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸில் ஒரு சீடி தெரியும். அதை நிறுவி, விண்டோஸை மறுபடி தொடக்குங்கள். அப்புறம் மவுஸ் வேலியில்லாத வளவுக்குள் போய்வருவது போல உள்ளேயும் வெளியேயும் போய்வரும். எந்த ஜன்னல் முன்னால் நிற்கிறதோ கீபோர்ட் அதற்கே போகும். அதே மெனுவில் ஷேர்ட் கிளிப்போர்டை இருபக்கமும் என்று வைத்தால் வெட்டி ஒட்டவும் முடியும்.

சிலவேளை கேம் அல்லது முப்பரிமாண வரைதல் மென்பொருளில் மவுஸ் தாறுமாறாகச் சுழலும். அப்போது ஹோஸ்ட் கீயோடு ஐ விசையை அழுத்தி இந்த மவுஸ் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் உள்ளே அனுப்ப வேண்டுமென்றால் ஹோஸ்ட் கீயோடு டிலீட்.

தமிழ்த் தட்டச்சுதான் எங்கள் ஆட்களுக்கு உண்மையான தலையிடி. விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே. அந்த விசை எந்த எழுத்து என்று உள்ளே இருக்கும் விண்டோஸ்தான் முடிவு செய்யும். ஆகவே லினக்ஸில் நீங்கள் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வைத்திருப்பது உள்ளே உதவாது. உள்ளே என்ன வேண்டுமோ அதை உள்ளேயே வையுங்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த வெறும் எழுத்துரு என்பதால் அதற்கு விண்டோஸில் அமெரிக்க ஆங்கில அமைப்புத்தான் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலம் இருந்தால் மேற்கோள் குறியும் அட் குறியும் இடம் மாறும். பாமினியில் அந்த இடங்களில் இருப்பவையும் சேர்ந்து மாறிவிடும். இன்னொன்று: பேஜ்மேக்கரிலிருந்து பாமினி வரியை லினக்ஸுக்கு ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் விழும். கிளிப்போர்டைக் குறை சொல்லாதீர்கள், யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள்.

இனித் தனி மொனிற்றர்க்காரர். கிராபிக்ஸ் காட் ஒன்றை முழுதாக விஎம்முக்கே கொடுத்து, லினக்ஸிலேயே இருக்கும் கேவிஎம் என்ற விஎம் வசதியில் ஓட்டுபவர்கள் இவர்கள். அவர்களுக்கு ஜன்னல் இல்லை, ஆகவே மேலே சொன்ன ஹோஸ்ட் கீயும் கெஸ்ட் அடிஷன்ஸும் பயன்படாது. கைவசம் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஈவ்டெவ் வழி. லினக்ஸ் தன் கீபோர்டையும் மவுஸையும் அப்படியே, விஎம்மை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளிடம் கொடுக்கும்; இடது, வலது கண்ட்ரோல் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் இரண்டும் அந்தப் பக்கம் போகும், திரும்ப அழுத்தினால் வரும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் விஎம்மின் அமைப்புக் கோப்பிலேயே இதை எழுதலாம். டெவ் கோப்புறைக்குள் இன்புட், அதற்குள் பை-ஐடி என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அங்கே உள்ள பெயர்களையே கொடுங்கள், வெறும் ஈவென்ட் எண்களைக் கொடுக்காதீர்கள். அந்த எண்கள் கணினியை மறுபடி போடும்போது மாறக்கூடியவை. கீபோர்டுக்கான பதிவில் எல்லாவற்றையும் பிடி (grab='all') என்ற தெரிவையும் சேருங்கள், இல்லாவிட்டால் கீபோர்ட் மட்டும் போய் மவுஸ் நின்றுவிடும். விஎம் ஓடும்போது கீபோர்டின் வயரைக் கழற்றிச் செருகினால் தொடர்பு அறுந்துபோகும், அதையும் நினைவில் வையுங்கள்.

யூஎஸ்பி கீபோர்டை நேரே விஎம்முக்குக் கொடுப்பது இன்னொரு வழி. செய்யலாம், ஆனால் வீட்டில் இரண்டாவது கீபோர்ட் ஒன்று இருந்தால் மட்டும். கொடுத்த கணத்திலேயே லினக்ஸ் அதை இழந்துவிடும். நகரத்துக் கடைகளில் கிடைக்கும் சாதாரண வயர் கீபோர்ட் ஒன்று போதும்.

விஎம் வேறொரு கணினியில் ஓடினால் நெட்வேர்க் வழியாகப் பகிரும் மென்பொருள் இருக்கிறது: இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ. கீபோர்டும் மவுஸும் செருகியிருக்கும் கணினிதான் இதில் சேவர், மற்றவை கிளையன்ட். வழக்கமான போர்ட் 24800, ஃபயர்வோலில் அதைத் திறந்துவிடுங்கள். தனி மொனிற்றர் விஎம்முக்கும் இது சரிவரும். இங்கே தமிழ் விசயம் தலைகீழ்: அழுத்திய விசை எந்த எழுத்து என்பதைச் சேவரே முடிவு செய்து அனுப்பும். லினக்ஸில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் போனால் கண்டபடி எழுத்து விழும், அல்லது ஒன்றுமே விழாது. போகுமுன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். ஸ்குரோல் லொக் அழுத்தினால் மவுஸ் இருக்கும் திரையிலேயே பூட்டப்படும்; நுண்மையான படவேலையில் இது வலு உதவி.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் லொகின் திரையில் நிற்கும்போது கிளையன்ட் தொடங்கியிராவிட்டால் கடவுச்சொல்லை அடிக்கவே முடியாது. ஆகவே கிளையன்டை விண்டோஸ் சேர்விஸாக வையுங்கள், லொகினுக்கு முன்பே அது ஓடத் தொடங்கும். 2022 இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்து, கணினி அடிக்கடி லொகின் திரைக்கே திரும்பிய காலத்தில் இதன் அருமை தெரிந்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் ஆட்கள் யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் ஹோஸ்ட் கீயோடு கியூவை அழுத்தி, நிலையைச் சேமிக்கும் தெரிவைத் தெரிந்தால் போதும்; கரண்ட் வந்ததும் பேஜ்மேக்கர் விட்ட பக்கத்திலேயே நிற்கும்.