மீக்கடத்தியில் தனிக் கிளர்வும் கூட்டுக் கிளர்வும்: நோட்டும் கால்குலேட்டரும் எடுங்கள்

"சார், கூப்பர் இணையை உடைக்கவும் இரண்டு டெல்டா, வீச்சு அலைவுக்கும் இரண்டு டெல்டா. ரெண்டும் ஒண்ணுதானா?" தக்கலையிலிருந்து என்னிடம் படிக்க வரும் எம்.எஸ்சி. மாணவி கேட்டது. நல்ல கேள்வி. மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி; அதில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்வதுதான் கூப்பர் இணை. அந்த அமைதி நிலையிலிருந்து ஆற்றல் பெற்று எழுவது கிளர்வு. கையால் போட்டுப் பார்த்தால்தான் இதற்கு விடை மனதில் நிற்கும்.

முதலில் டெல்டா, அதாவது ஆற்றல் இடைவெளி: ஒரு தனிக் கிளர்வுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் தந்த கொள்கைப்படி, கடுங்குளிரில் அதன் அளவு 1.76 × போல்ட்ஸ்மன் மாறிலி × நிலைமாறு வெப்பநிலை (பொருள் மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை). அலுமினியத்துக்கு அந்த வெப்பநிலை 1.2 கெல்வின்; மாறிலி கெல்வினுக்கு 0.0862 மில்லி எலக்ட்ரான் வோல்ட். பெருக்கினால் 0.18 மில்லி எலக்ட்ரான் வோல்ட்; இனி அலகை விட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது, வரைபடம். ஃபெர்மி மட்டத்திலிருந்து (கடுங்குளிரில் சாதாரண உலோகத்தின் எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்ச ஆற்றல்) எலக்ட்ரான் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைத் 'தூரம்' என்போம்.

கிளர்வின் ஆற்றல் = √(தூரம்² + டெல்டா²)

தூரம் 0 என்றால் 0.18; 0.1 என்றால் 0.21, 0.3 என்றால் 0.35. இடப்பக்கமும் இதே எண்கள். சாதாரண உலோகத்தில் பூஜ்யம் வரை இறங்கும் கூர்முனை, இங்கே 0.18-இல் வளைந்து நின்றுவிடும். இணை உடைந்தால் இரண்டு கிளர்வுகள், ஆகவே 0.36. இது சுமார் 87 கிகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழான மைக்ரோ அலையால் இணையை உடைக்க முடியாது.

அப்புறம் கூட்டுக் கிளர்வு. இங்கே நிதானமாகப் போவோம். குளச்சல் பக்கம் கரையில் வரிசையாக நின்று கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றிலிருந்து ஓரிருவர் கை விடுவது தனிக் கிளர்வு. யாரும் கை விடாமலே, வரிசை நெடுக இழுக்கும் தாளம் முன்பின் நகர்ந்தால் அது கட்ட (phase) அலைவு. தாளம் அப்படியே இருக்க, இழுவை மட்டும் கூடிக் குறைந்தால் வீச்சு (amplitude) அலைவு.

மின்னூட்டம் இல்லாத மாதிரியில், நீண்ட அலைகளுக்குக் கட்ட அலைவின் ஆற்றல் பூஜ்யத்தை நெருங்கும். உலோகத்தில் அப்படியில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் கூலும் விலக்கம் அதைப் பிளாஸ்மா ஆற்றலுக்கு (எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக ஊசலாடும் ஆற்றல்) தூக்கிவிடும் என்று 1958-இல் ஆண்டர்சன் காட்டினார். அலுமினியத்தில் அது சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட், நம் 0.36-ஐப்போல 40,000 மடங்கு!

வீச்சு அலைவு இரண்டு டெல்டாவில் நிற்கிறது. ஆற்றல் மட்டும்தான் ஒன்று: அங்கே இரண்டு கிளர்வுகள் பிரிந்து போகின்றன, இங்கே எல்லா இணைகளும் சேர்ந்து அசைகின்றன. இணை உடையும் வாசலிலேயே நிற்பதால் இதைத் தனியே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 2013-இல் நயோபியம் டைட்டானியம் நைட்ரைடில், டெராஹெர்ட்ஸ் துடிப்பால் தட்டி, அந்த அதிர்வைப் பார்த்தார்கள்.

சரி, ஈயத்துக்கு 7.2 கெல்வின் போட்டுப் பாருங்கள். 1.09 வரும், சோதனையில் கிடைப்பது சுமார் 1.35. ஈயத்தில் எலக்ட்ரானுக்கும் அணிக்கோவை (அணுக்களின் ஒழுங்கு வரிசை) அதிர்வுக்கும் பிடிப்பு அதிகம். எளிய சூத்திரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.