நாளமில்லாச் சுரப்பிகளை நினைவில் இருத்தும் முறை

ஒரு தாளில் மனித உருவத்தை வரைந்து, ஹார்மோன்களை நாளம் வழியாக அன்றி நேரடியாக இரத்தத்தில் விடும் ஒவ்வொரு சுரப்பியையும் தலையிலிருந்து கீழ்நோக்கி அதனதன் இடத்தில் குறித்து வாருங்கள். முதலில், மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்த பிட்யூட்டரியை வரையுங்கள். பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினையும், சிறுநீர் வெளியேற்றத்தைக் குறைக்கும் வாசோபிரசினையும் இரத்தத்தில் கலக்கவிடுவது அதன் பின்பகுதியே என்றாலும், அவற்றை உண்டாக்குவது மேலேயுள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் ஆகும். மாணவர்கள் தடுமாறும் இடம் இது. கழுத்தில் தைராய்டையும், அதன் பின்புறம் பொதுவாக 4 ஆக அமைந்து இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டுகளையும் குறியுங்கள். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்த அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசாலையும் அட்ரினலினையும் சுரக்க, கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில் பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்பா செல்கள் குளுக்ககானையும் தருகின்றன. அண்டகம், விந்தகம் ஆகியவற்றோடு நிறுத்திவிடாமல், இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினைச் சுரக்கும் சிறுநீரகத்தையும் பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டினைத் தரும் கொழுப்புத் திசுவையும் வேறு நிறத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.