தாயில்லாப் பூனைக்குட்டிக்குப் பால் மறக்கடிக்கும்போது நடக்கும் தவறுகள்

மாரி தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மதில் ஓரங்களிலும் சந்தைப் பக்கங்களிலும் காட்போட் பெட்டியில் விடப்பட்ட பூனைக்குட்டிகளைப் பார்க்கலாம். மனமிரங்கி எடுத்து வளர்ப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். கண் திறக்காத குட்டிக்கு இரவிரவாக முழித்திருந்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் அது நடக்கத் தொடங்கி, விளையாடத் தொடங்கி, இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிடுகிற நேரத்தில் பறிகொடுக்கிறார்கள். நான்காம் ஐந்தாம் கிழமையில், பாலிலிருந்து சாப்பாட்டுக்கு மாறும்போது இது நடக்கிறது. இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் எழுதுகிறேன்.

பசுப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் என்பது இப்போது பலருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆட்டுப்பால் நல்லது என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் லாக்டோஸ் என்ற பாற்சர்க்கரை அதிலும் உண்டு. தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவு புரதம் அதில் இல்லை. அவசரத்துக்கு ஒரு நாள் சமாளிக்கலாம், அதைக் கொண்டே வளர்க்க முடியாது. பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாதான் வேண்டும்.

கிழமைக் கணக்கை மட்டும் நம்புவது

எடுத்து வந்த குட்டியின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. "ஒரு மாசம் இருக்கும்" என்று ஊகித்துச் சாப்பாடு வைக்கிறார்கள். வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் சுமார் மூன்றாம் கிழமையில் முளைக்கும், கோரைப்பற்கள் நான்காம் கிழமையை ஒட்டி வரும், கடைவாய்ப் பற்கள் அதற்கும் பிந்தி. கோரைப்பல் தெரிந்து, குட்டி தள்ளாடாமல் நடந்து, சூப்பியை உறிஞ்சாமல் கடித்துச் சப்பத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. பட்டினியில் மெலிந்த குட்டி வயதுக்குச் சிறியதாகத் தெரியும், உருவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று நினைப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள், அன்போடுதான் சொல்கிறார்கள், அதில்தான் குட்டிகள் சாகின்றன.

கொக்குவிலில் ஒரு பிள்ளை மூன்று குட்டிகளை எடுத்து வளர்த்தாள். மூன்றும் சூப்பியில் குடித்து உருண்டு திரண்டு நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் பெரிய குட்டி அவித்த மீனை நக்கித் தின்றது. வீட்டிலிருந்த பெரியவர்கள், "இனிப் பாலை நிப்பாட்டு. பசிச்சா மற்றதுகளும் தன்ர பாட்டில தின்னும் பிள்ளை" என்றார்கள். அன்றைக்கே சூப்பியைக் கழுவி வைத்துவிட்டாள். பெரியது தின்றது. மற்ற இரண்டும் தட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தின, சாப்பாட்டின் மேலேயே ஏறி நடந்தன, தின்னவில்லை. இரவு கத்தல் நின்றது. பழகிவிட்டன என்று நினைத்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். விடிய எனக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, சின்னது எழும்புதில்லை" என்று அழுதாள். சின்னதை மீட்க முடியவில்லை. நடுவிலது பிழைத்தது.

அந்தக் கத்தல் நின்ற இடத்தைக் கவனியுங்கள். பசித்த குட்டி பேசாமல் படுத்தால் அது அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, கத்துவதற்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம். வளர்ந்த நாய் ஒரு நாள் தின்னாமல் கிடக்கலாம். நானூறு கிராம் எடையுள்ள குட்டியின் உடம்பில் சேமிப்பென்று ஒன்றுமில்லை. சில வேளைப் பால் தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் உடற்சூடு இறங்கும், சூடு இறங்கினால் குடல் வேலை செய்யாது. வாடைக்காற்று வீசுகிற மார்கழி, தை இரவுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதோடு, பசி எதையும் கற்றுக் கொடுப்பதில்லை. உறிஞ்சுவது பிறவியிலேயே வருகிறது. நக்கி எடுத்து, நாக்கால் பின்னே தள்ளி, மென்று விழுங்குவது பழகி வருவது. கடும் பசியில் இருக்கும் குட்டி சூப்பியைத்தான் தேடும், தட்டில் இருப்பதைச் சாப்பாடு என்றே அது அறியாது. ஆகவே நான் நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். முதலில் வழக்கமான பாலில் ஒரு பங்கைக் கொடுத்துப் பசியின் வேகத்தைத் தணியுங்கள். அப்புறம் தட்டை வையுங்கள். பதற்றம் அடங்கிய குட்டிதான் முகர்ந்து பார்க்கும், விரலில் தொட்டுக் காட்டினால் நக்கும். தட்டில் தின்றது போதாவிட்டால் மிச்சப் பாலையும் கொடுத்துவிடுங்கள்.

குட்டிகளுக்கான உலர் உணவை இளஞ்சூட்டுத் தண்ணீரிலோ அந்தப் பால்மாக் கரைசலிலோ அரை மணித்தியாலம் ஊறவிட்டு, ஒடியற் கூழ் பதத்துக்கு மசியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள். நாளுக்கு நான்கு தடவையாவது வையுங்கள். குட்டி தட்டில் எவ்வளவு கூட்டித் தின்கிறதோ அவ்வளவுக்குத்தான் பாலைக் குறைக்கலாம். பெரும்பாலான குட்டிகள் ஏழு எட்டுக் கிழமையில் முழுதாக மாறிவிடும். ஒரே வயிற்றில் பிறந்தவற்றிலேயே ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பிந்துவதைப் பிந்தவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு தராசு வேண்டும். சமையலறையில் மா நிறுக்கிற, கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இந்த வயதில் நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து கிராம் வரை ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் பாலைக் கூட்டுங்கள். இறங்கினால் யோசிக்கவே வேண்டாம், சூப்பிக்குத் திரும்புங்கள்.

ஏற்கெனவே குளிர்ந்து சோர்ந்துவிட்ட குட்டிக்கு உடனே பால் பருக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகலாம். துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தலோடு மெல்ல மெல்லச் சூடாக்குங்கள், பல் முரசில் கொஞ்சம் குளுக்கோஸ் கரைசலைத் தடவுங்கள், மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

முகத்தைத் தட்டில் அமுக்குவது

கூடவே கூடாது. மூக்கில் ஏறினால் நிமோனியா வரும்.

சோறும் மீன்குழம்பும்

எங்கள் வீடுகளில் பூனைச் சாப்பாடு என்றால் இதுதான். வளர்ந்த பூனை இதைத் தின்றுவிட்டு வெளியே போய் எலி, ஓணான், பூச்சி என்று குறையை நிரப்பிக்கொள்கிறது. குட்டியால் அது முடியாது. சோறு வயிற்றை நிரப்பும், வளர்க்காது. பூனையின் உடம்பு டோரின் என்ற சத்தைப் போதிய அளவு தானே செய்துகொள்ளாது, இறைச்சியிலும் மீனிலுமிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை பழுதாகும், இதயத் தசை நலியும். இதயத்தோடுள்ள இந்தத் தொடர்பை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகு, விற்பனைப் பூனை உணவுகளில் டோரினைக் கூட்டினார்கள். நாய் உணவு பூனைக்கு உதவாது என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

உலர் உணவு கைக்கு வரும்வரை சில நாள் சமாளிக்க வேண்டுமானால், உப்பும் தூளும் போடாமல் கோழியை அவித்து, எலும்பை நீக்கி மசியுங்கள். நெஞ்சிறைச்சியைவிடக் கால் இறைச்சியிலும் இதயத்திலும் டோரின் அதிகம். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டோரின் அதில்தான் கரைந்திருக்கும். சில நாளுக்குமேல் இதிலேயே வைத்திருக்கவும் கூடாது. எலும்பில்லாத இறைச்சியில் கல்சியம் மிகக் குறைவு, தனி இறைச்சியில் வளரும் குட்டிக்குக் கைகால் எலும்பு வளைந்து முறியும். ஈரல் நல்ல சத்து என்று தினமும் கொடுத்தால் விற்றமின் ஏ கூடி அதுவே கேடு.

பச்சைச் சூடை, பச்சை நெத்தலி

பாசையூரிலோ குருநகரிலோ மீன் மலிவாகக் கிடைக்கும்போது கை அங்கேதான் போகும். சில மீன்கள் பச்சையாக இருக்கும்போது அவற்றிலுள்ள ஒரு நொதி தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, அழித்துவிடும். அதையே நெடுகத் தின்ற குட்டி தலை சாய்ந்து, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். அவித்தால் அந்த நொதி செயலிழக்கும். அவித்த மீனையும் முள்ளெடுத்து, எப்போதாவது ஒரு பங்காகக் கொடுங்கள். மீன் மட்டுமே தின்று பழகிய குட்டி அப்புறம் வேறொன்றையும் தொடாது.

வெங்காயமும் உள்ளியும்

குழம்பில் கரைந்திருந்தாலும் நஞ்சுதான். இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து வைப்பது

குளிர்ந்த சாப்பாட்டில் மணம் எழாது, மணம் வராததைக் குட்டி தின்னாது. உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தட்டை அப்படியே விட்டுவிடுவது

எங்கள் வெயிலில் ஊறவைத்த உணவு சீக்கிரம் புளித்துவிடும். அதற்கு முன்னமே எறும்பு வந்துவிடும். சாப்பாடு காய்ந்து ஒட்டிய வாயையும் கால்களையும் எறும்பு மொய்த்துக் கடித்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது. அரை மணித்தியாலத்தில் தட்டை எடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் குட்டியைத் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். கிண்ணம் வேண்டாம், தேநீர்க் கோப்பையின் தட்டு போதும். தண்ணீரையும் அதேபோலத் தட்டையான ஒன்றில் வையுங்கள். பால் குறையக் குறையத் தண்ணீர் அவசியம்.

பனடோல்

காய்ச்சலுக்கு நாங்கள் போடுகிற இந்தப் பரசிற்றமோல் குளிசையைக் குட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லும்.

வயிற்றோட்டத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் நிறுத்துவது

சாப்பாடு மாறும்போது மலம் கொஞ்சம் இளகும். முந்திய பதத்துக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள், பாலையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். வயிறு மட்டும் ஊதி முதுகெலும்பு தெரிந்தால் பெரும்பாலும் புழுதான். வட்டப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், அதனால் வீட்டைவிட்டு இறங்காத குட்டிக்கும் புழு இருக்கும். மனிதர்களின் பூச்சிக் குளிசையை ஊகத்தில் உடைத்துக் கொடுக்க வேண்டாம், மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தண்ணீராகப் போனாலோ, இரத்தம் கண்டாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எடை எழுதிய கொப்பியையும், ஒரு சிறிய போத்தலில் மலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.