பழைய ஸ்ப்ளெண்டரின் மைலேஜை மீட்பது எப்படி?

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகிய இரண்டிலும் இருந்தது 97.2 சிசி கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். அதன் சிக்கனத்துக்குக் கார்புரேட்டர் மட்டும் காரணமன்று. குறைந்த எடை, ஒல்லியான டயர், செயினை முழுவதும் மூடும் உறை என வண்டி முழுவதுமே வீணாகும் சக்தியைக் குறைக்கும் நோக்கில் அமைந்தது. ஆகவே, மைலேஜ் குறைந்ததும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்குவது தலைகீழான வேலை. பின்சக்கரத்திலிருந்து தொடங்குவதே முறை.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிடுங்கள். உரசியபடி உடனே நின்றுவிட்டால், பிரேக் ஷூ டிரம்மைப் பிடிக்கிறது அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். உறையிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் 2 முதல் 3 செ.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்ந்திருக்காது என்பதால், சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். டயரில் காற்றழுத்தம் தனியாகச் செல்லும்போது முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகத் தேவை.

அடுத்தது டப்பெட், அதாவது எஞ்சினின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்னும் நெம்புகோலுக்கும் இடையிலுள்ள இடைவெளி. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். எஞ்சின் முற்றிலும் ஆறியபின், ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) உள்ள 'T' குறி எதிரேயுள்ள குறியோடு நேராகும்வரை திருப்புங்கள். அந்நிலையில் இரண்டு ராக்கர்களும் லேசாக அசைய வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். இரண்டு வால்வுகளிலும், வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.05 மி.மீ. மட்டுமே. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு மெல்லிய பிடிப்போடு உருவிக்கொண்டு வர வேண்டும். 'டிக் டிக்' ஓசை பிடிக்காமல் இடைவெளியே இல்லாதவாறு இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் வால்வு முழுமையாக மூடாது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) கசியும், பெட்ரோல் வீணாகும், நாளடைவில் வால்வே கருகும். சற்றே ஓசை கேட்பது இந்த எஞ்சினுக்குக் கேடன்று.

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக்கின் முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை உள்ளதா எனப் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் மட்டுமே கார்புரேட்டரைத் திறக்கலாம். பலனை அறிய, டேங்கைக் குறிப்பிட்ட மட்டம்வரை நிரப்பி, வழக்கமான சாலையில் 100 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி, மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று கணக்கிடுங்கள்.