பத்துக் கோழிக்குப் பத்துக் கிலோ தீவனம்: வீட்டிலேயே கலப்பது எப்படி?

முட்டையிடும் நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு வைத்திருப்பவர்களுக்கான கலவை இது. ஒரு கோழி நாளைக்கு 100 கிராம் அளவு தின்னும், மேய்ச்சல் இருந்தால் இன்னும் குறையும். பத்து நாளைக்கு மேல் தாங்கும்படி கலந்து வைக்காதீர்கள், தவிட்டில் இருக்கும் எண்ணெய் காறிவிடும்.

தேவையானவை: உடைத்த மக்காச்சோளம் 4.5 கிலோ, கம்பு 1 கிலோ, அரிசித் தவிடு 1.5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 1.2 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 600 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 400 கிராம், கிளிஞ்சல் 600 கிராம், தாது உப்புக் கலவை 150 கிராம், சாப்பாட்டு உப்பு 20 கிராம்.

தாது உப்பு கோழிக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், மாட்டுக்கானது வேண்டாம். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல், பல்லடம் பக்கம் சோயாப் புண்ணாக்குக்கு அலைய வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் மாட்டுத்தீவனக் கடையில் சொல்லிவைத்து வாங்கலாம். அங்கே பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது கோழிக்கு ஆகாது, மஞ்சள் கருவின் நிறமே மாறும்.

கணக்கு எளிது. தானியமும் தவிடுமாக 7 கிலோ, அதில் சுமார் 10% புரதம், அதாவது 700 கிராம். புண்ணாக்கும் கருவாடுமாக 2.2 கிலோ, அதில் 43% வைத்தால் 946 கிராம். இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோவில் 16.5% வருகிறது, முட்டைக்கோழிக்கு இது போதும். கம்புக்குப் பதில் குருணை போட்டால் பெரிய வித்தியாசம் வராது. விலை அதிகம் என்று சோயாவைப் பாதியாக்கி அந்த இடத்தில் மக்காச்சோளத்தைப் போட்டால் 14 சொச்சத்துக்கு இறங்கிவிடும், முட்டையும் குறையும்.

மில்லில் மாவாக அரைக்கச் சொல்லாதீர்கள். பெரிய கண் சல்லடை போட்டு ரவையைவிடப் பருமனாக உடைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக இருந்தால் அலகில் அப்பிக்கொள்ளும், பாதி தண்ணீர்க் கிண்ணத்துக்குத்தான் போகும். கருவாட்டை மில்லுக்குக் கொண்டுபோகாமல் வீட்டு உரலில் இடித்துவிடுங்கள். அதற்கு முன் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்த 20 கிராம் உப்பைச் சேர்க்காதீர்கள். உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் கழியும், குஞ்சென்றால் செத்தே போகும்.

இனி கலக்கும் வேலை. அவசரப்பட்டால் எல்லாம் வீணாவது இங்கேதான். 150 கிராம் தாது உப்பைப் பத்துக் கிலோ குவியலின் தலையில் கொட்டிக் கிளறினால் அது ஒரே பக்கம் தங்கிவிடும், ஒரு கோழிக்கு அளவு மீறும், இன்னொன்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் தாது உப்பையும் சாப்பாட்டு உப்பையும் முதலில் ஒரு கைப்பிடித் தவிட்டில் பிசறுங்கள். அதே அளவு தவிடு சேர்த்து மறுபடி பிசறுங்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் இரட்டித்துக்கொண்டே போய் 1.5 கிலோ தவிட்டையும் முடியுங்கள். பிறகு கருவாட்டுத் தூள், புண்ணாக்கு, கடைசியில் தானியம். தார்ப்பாயில் கொட்டி, எதிரெதிர் முனைகளை மாற்றி மாற்றி இழுத்துப் புரட்டினால் நன்றாகக் கலக்கும். உருட்டும் டிரம் எல்லாம் இந்த அளவுக்கு வீண் செலவு. பத்துக் கிலோ நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்குச் செலவழியுங்கள், அது போதும்.

கிளிஞ்சலில் பாதியை மட்டும் கலந்துவிட்டு மீதியைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது என் வழக்கம். முட்டையிடும் கோழி தேவைக்குக் கொத்திக்கொள்ளும்.

எள்ளுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போடலாமா என்றால், போடலாம், ஆனால் மழைக்காலத்தில் நான் தொடமாட்டேன். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும், கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ நஞ்சு போகாது. பூசண வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பலர் கேட்டதால் சேர்க்கிறேன். சோயாப் பயறை அப்படியே உடைத்துப் போடக் கூடாது, பச்சையில் புரதம் செரிக்கவிடாத பொருள் இருக்கிறது. எண்ணெய் எடுத்த புண்ணாக்கைத்தான் சொன்னேன். அசோலாவில் (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி) 25% புரதம் என்பது காய்ந்த எடைக்கு. பச்சையாகப் போட்டால் பெரும்பகுதி தண்ணீர், கீரை போல மேலுக்குப் போடலாம், புண்ணாக்கைக் குறைக்க முடியாது. இந்தக் கலவையைக் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டாம்: கிளிஞ்சல் சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும், புரதமும் 20% வேண்டும். எட்டு வாரம் வரை கடைக் குஞ்சுத் தீவனமே வாங்குங்கள்.