சாவியைத் திருப்ப அவசரப்படாதீர்கள்: பழைய லாரியைத் தேடிப்பிடித்து ஓட வைப்பது எப்படி

கொட்டகை இருட்டில் தூசி மூடிக் கிடக்கும் பழைய லாரியைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் முதலில் எடுத்த வண்டி பதினெட்டு வருடம் நின்றது. ஹேண்டிலைப் போட்டதும் என்ஜின் அரைச்சுற்று அசைந்தது. அந்தச் சந்தோஷத்தில் உடனே செல்ஃபை அடித்தேன். துருவில் ஒட்டியிருந்த இரண்டு வால்வுகள் அசையவில்லை, அவற்றைத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகள் வளைந்துவிட்டன. ஒரு வாரம் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தால் அந்தச் சேதமே வந்திருக்காது.

அதனால் கீழே சொல்லும் வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். சாவியைத் திருப்புவது பாதிக்கு மேல்தான் வருகிறது.

படி 1: எந்த வண்டியைத் தேடுவது

முதல் வண்டிக்கு அழகையோ அபூர்வத்தையோ பார்க்காதீர்கள். உதிரி கிடைக்குமா என்பதை மட்டும் பாருங்கள். 1948-இல் தொடங்கிய ஃபோர்டு எஃப் வரிசை, 1947 முதல் 1955 வரை வந்த ஷெவர்லே அட்வான்ஸ் டிசைன் போன்றவை ஏராளமாக விற்ற வண்டிகள். இவற்றின் ரப்பர் பீடிங், பிரேக் சாமான், தகட்டுத் துண்டுகள் வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சில நூறு மட்டுமே தயாரான ஒரு மாடலை எடுத்தால், ஒரு வாட்டர் பம்ப்புக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

என்ஜின் எந்த வகை என்றும் கேட்டு வையுங்கள். 1953 வரை ஷெவர்லே லாரிகளில் வந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினில், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது. பேபிட் என்கிற வெள்ளீயக் கலவையை ராடிலேயே வார்த்திருப்பார்கள். அது தேய்ந்துவிட்டால் மறுபடி வார்க்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். நல்ல என்ஜின்தான், ஆனால் பழகுகிறவருக்கு எளிதானதல்ல.

படி 2: எங்கே தேடுவது

விளம்பரங்களில் வருவதற்கு முன்பே பெரும்பாலான நல்ல வண்டிகள் கை மாறிவிடும். பண்ணைகள், மூடிய ஆலைகள், கல் குவாரிகள், பழைய பணிமனைகளின் பின்புறம் ஆகிய இடங்களில் நேரில் போய் விசாரியுங்கள். புல்லுக்கு நடுவே ஒரு கேபின் தெரிந்தால் கதவைத் தட்டிக் கேட்பதில் தவறில்லை. "விற்க மாட்டேன்" என்பவரிடமும் மரியாதையாகப் பேசிவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள்.

எனக்குப் பிடித்த இடம் தீயணைப்பு நிலையங்கள். கூரைக்கு அடியில் நின்ற, ஒழுங்காகப் பராமரித்த, குறைந்த தூரமே ஓடிய வண்டிகள் அங்கிருந்து ஏலத்துக்கு வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் பம்ப்பை ஓட்டுவதும் அதே என்ஜினாக இருந்தால், மீட்டர் காட்டும் தூரத்தைவிட என்ஜின் பல மடங்கு உழைத்திருக்கும்.

படி 3: பார்க்கப் போகும்போது

ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், துணியில் சுற்றிய காந்தம், முழங்காலுக்குக் கீழே போட ஒரு சாக்கு. இவை போதும்.

முதலில் கீழே படுத்துச் சேசிஸைப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? ரிவெட் தளர்ந்து அதைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருக்கிறதா? இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இடத்தில் நடுவே துரு ஊதி, தகடு புடைத்திருக்கிறதா? மேலோட்டமான செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம். அடுக்கடுக்காகப் பெயரும் துருவைத்தான் விலக்க வேண்டும்.

அடுத்தது கேபின். தரை விரிப்பைத் தூக்குங்கள். கேபினின் பின்மூலைகள், படிகள், கேபின் சேசிஸில் உட்காரும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லக் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

என்ஜினுக்கு இத்தனை நேரம் நான் கொடுப்பதில்லை. என்ஜின் போனால் இன்னொன்று கிடைக்கும். கேபினும் சேசிஸும் அப்படிக் கிடைக்காது. டேஷ்போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி, பானெட் கீல், கண்ணாடிச் சட்டம் என்று காணாமல் போன சின்னச் சாமான்களைத் தேடுவதில்தான் பாதி நாள் போகும். எனவே, என்ஜின் ஜாமாகி ஆனால் எல்லாச் சாமானும் உடம்பில் இருக்கும் வண்டி, என்ஜின் ஓடி ஆனால் கேபின் பொத்தலான வண்டியைவிட நல்லது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனாலும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குளிர் உறையும் ஊரில் வெறும் தண்ணீருடன் நின்ற வண்டியென்றால், என்ஜினின் முக்கிய வார்ப்பான பிளாக்கின் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உறைந்த தண்ணீர் இரும்பையும் பிளக்கும்.

கடைசியாகக் காகிதம். சேசிஸில் பொறித்த எண்ணும் பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். துருவைத் தேய்த்து எண்ணைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 4: வீட்டுக்குக் கொண்டுவருவது

டிரெய்லரில் ஏற்றி வாருங்கள். சங்கிலி கட்டி இழுக்காதீர்கள். பிரேக் இல்லாத, டயர் வெடித்த, ஸ்டீயரிங் எப்படி இருக்கிறதென்றே தெரியாத பல டன் இரும்பு அது. கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கூடாது. ஜாமான என்ஜினில் ராடு வளைவதற்கு அது ஒன்றே போதும்.

வந்ததும் நிறையப் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். எலிக்கூடு இருந்தால் முகமூடி அணிந்து, கிருமிநாசினித் தண்ணீரால் நனைத்த பிறகு அள்ளுங்கள். அந்தத் தூசி நோயைக் கொண்டுவரும்.

படி 5: என்ஜினைக் கையால் சுற்ற வைப்பது

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், இரண்டு வாரமானாலும் சரி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும் முன், அவற்றைச் சுற்றியுள்ள அழுக்கை ஊதித் துடையுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பிறகு ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்து விடுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம், நானும் அதைத்தான் விடுகிறேன். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், வெட்டவெளியில் கலக்குங்கள். மூன்று நாள் விட்டு மறுபடி விடுங்கள்.

அப்புறம் வண்டியை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் மாட்டி மெதுவாக அழுத்துங்கள். அசையவில்லையா? எதிர்ப்பக்கம் அழுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அன்றைக்கு அது வெற்றி. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் சுற்று பெரிதாகும். நீளக் குழாயை மாட்டித் தொங்க வேண்டாம், போல்ட் முறியும்.

இங்கேதான் நான் அன்று தவறினேன். என்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் வால்வு கவரைக் கழற்றி, ஒருவர் சுற்ற மற்றவர் பார்க்க வேண்டும். ராக்கர் அழுத்தும்போது ஒவ்வொரு வால்வும் இறங்குகிறதா, விட்டதும் தானாக எழுகிறதா? எழாத வால்வின் தண்டில் எண்ணெய் விட்டு, மர சுத்தியால் மிக மெல்லத் தட்டுங்கள். எல்லாம் எழும் வரை முழுச் சுற்று சுற்ற வேண்டாம். 1932-இல் வந்த ஃபோர்டு வி8 போன்ற பிளாட்ஹெட் என்ஜின்களில் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் பக்கவாட்டு மூடி வழியாகவோ மேலிருந்தோ பார்க்க வேண்டியிருக்கும். அங்கு இன்னும் பொறுமை தேவை.

தாராளமாகச் சுற்றியதும் பழைய எண்ணெயை வடித்து, முடிந்தால் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பையும் கழற்றிக் கழுவுங்கள். அடியில் தார் போலப் படிந்த கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்திருக்கும். புது எண்ணெயும் புது ஃபில்டரும் போடுங்கள்.

படி 6: மின்சாரமும் எரிபொருளும்

1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரம் பரவலாக இருந்தது. அதில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் வயரைப் பாருங்கள். அதே வேலைக்கு 12 வோல்ட்டைப் போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும் என்பதால் தடித்த கேபிள் வேண்டும். இடையில் யாரோ சாதாரண 12 வோல்ட் கேபிளை மாட்டியிருப்பார்கள். சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் சேசிஸில் இருக்கும், அதையும் பார்த்து மாட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயர் தொட்டால் உதிர்கிறதென்றால், பேட்டரி மாட்டும் முன்பே மாற்றியாக வேண்டும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுகளில் (திறந்து மூடும் தொடுமுனைகளில்) ஆக்சைடு படிந்திருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான அட்டையை நடுவே இழுத்துத் துடைத்து, இடைவெளியை வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். பெரும்பாலும் 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்கும். பாதி "ஸ்பார்க் வரவில்லை" புகார்கள் இத்துடன் தீரும்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை நம்பாதீர்கள். அது வார்னிஷாக மாறியிருக்கும். டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சின்ன டப்பாவிலிருந்து புது பெட்ரோல் கொடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, டயஃப்ரமையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், எரிபொருள் ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள். பொத்தலான டேங்கை நீங்களே வெல்டிங் வைக்க முயலவே வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

டீசல் வண்டியென்றால் ஃபில்டரை மாற்றி, கைப் பம்ப்பை அடித்துக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நாசில் பீய்ச்சும் பக்கம் கையை வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

படி 7: முதல் ஸ்டார்ட்

வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா பாருங்கள்.

ஸ்பார்க் பிளக் இல்லாமலேயே, இக்னிஷனை அணைத்துவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும் வரை செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். வருடக்கணக்கில் காய்ந்த பேரிங்குகளுக்கு முதல் எண்ணெய் அப்போதுதான் போகிறது. முள் எழாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. எழுந்ததும் பிளக்குகளை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதலில் இருமும். புகை கக்கும், நாம் விட்ட எண்ணெய் எரிகிற புகை அது. பயப்படாமல் ஆயில் பிரஷரை மட்டும் பாருங்கள். இறங்கினால் உடனே அணையுங்கள். டீசலில் ஏர் கிளீனர் வாயை அடைக்க ஒரு கனமான பலகையுடன் ஒருவர் தயாராக நிற்கட்டும். பழைய டீசல் பம்ப் ஒட்டிக்கொண்டு என்ஜின் தறிகெட்டு ஓடினால் சாவியால் அணையாது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையை வைத்து அடைக்கக் கூடாது.

அந்த முதல் சத்தம் கேட்கும் நேரத்துக்காகத்தான் நான் இத்தனை வருடமாக இதைச் செய்கிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சியில் வண்டியை நகர்த்திவிடாதீர்கள். நிறுத்த வழி இன்னும் இல்லை.

படி 8: பிரேக்

இதில் எதையும் "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், எல்லா ரப்பர் ஹோஸ்களும் புதிதாக வேண்டும். இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருந்தால் அவையும் மாற்ற வேண்டியவையே. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், பல வருட ஈரம் உள்ளிருந்தே எல்லாவற்றையும் அரித்திருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் ஒரே சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். ஏர் பிரேக் வண்டியென்றால் அதில் பழகியவரைக் கூப்பிடுங்கள்.

கிளட்சும் பிளைவீலில் ஒட்டியிருக்கலாம். பெடலை மரக்கட்டையால் அழுத்தி முட்டுக்கொடுத்து சில நாள் விட்டால் பல நேரம் தானே விடும்.

படி 9: டயரும் ரிம்மும்

டயரின் பக்கத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 1419 என்றால் 2019-இன் 14-ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

பழைய லாரி ரிம்கள் பலவற்றில் டயரைப் பிடிக்கத் தனி வளையம் இருக்கும். காற்று இருக்கும்போது அந்த வளையம் கழன்றால் ஆளைக் கொல்லும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்காமல் ரிம்மில் கை வைக்காதீர்கள். டயர் மாற்றுவதை இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடையில்தான் செய்ய வேண்டும்.

படி 10: முதல் ஓட்டம்

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கட கடவென்று ஆடினால் கிங் பின்னோ (முன்சக்கரம் திரும்பும் அச்சு) வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. எல்லா நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் அடியுங்கள். கியர்பாக்ஸ், டிஃப்ரென்ஷியல் எண்ணெய்களையும் மாற்றுங்கள்.

ஆளில்லாத மைதானத்தில், நடை வேகத்தில், பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். கியர் மாற்றும்போது கரகரவென்றால் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், பழைய லாரிகள் பலவற்றில் கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. கிளட்சை அழுத்தி நியூட்ரல், விட்டு மறுபடி அழுத்தி அடுத்த கியர் என்று இரண்டு முறை மிதித்துப் பழக வேண்டும். கீழிறக்கும்போது நடுவில் கொஞ்சம் ஆக்சிலேட்டரும் கொடுங்கள்.

சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். என்ஜின் சூடு ஆறும் முன்பே அன்றைக்குப் போட்ட எண்ணெயை வடித்துவிடுங்கள். இத்தனை வருடக் கசடெல்லாம் அதில் கறுத்து இறங்கும்.