மடுவுக்குப் போகுமுன் பெரியம்மாவைக் கேளுங்கள்

ஆவணித் திருநாளுக்கு மன்னார் மாவட்டத்து மடு மாதா கோவிலுக்குப் போகிற எண்ணம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஊரிலிருக்கும் பெரியம்மா, மாமி, அம்மம்மா எல்லோருக்கும் போன் எடுத்து, உங்கள் பெயரில் அங்கே நேர்த்தி ஏதும் கிடக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மூன்று கிழமை லீவு. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றி முடித்துவிட்டு, மன்னாரில் ஏசி அறையில் இரண்டு இரவு தங்குவது, அங்கிருந்து ஒரு காலை மடுவுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவது. இதுதான் திட்டம். அறைக்குக் காசும் கட்டியாயிற்று. வந்து இறங்கிய மூன்றாம் நாள் பெரியம்மா தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, கொடியேத்தத்திலயிருந்து பெருநாள் மட்டும் கொட்டில் போட்டு இருப்பாயெண்டு மாதாவுக்கு நேர்ந்திருக்கு" என்றார். நேர்ந்தது 1997 இல், நான் கனடாவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று. இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போனில சொல்லுற விசயமோ?"

கொடி ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஏறும், பெருநாள் 15 ஆம் திகதி. என் விமானமோ 11 ஆம் திகதி. செலவு முழுவதையும் தருகிறேன், எனக்குப் பதிலாக வேறு யாராவது போய் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "காசனுப்பிற மாதிரி நேர்த்தியையும் அனுப்பலாமெண்டு நினைச்சியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அன்றிரவே மன்னார் அறையை ரத்துச் செய்தேன். கட்டிய காசு திரும்பவில்லை. ஆகவே திருநாள் காலத்தில் எதற்கும் முற்பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது வான். பெரியம்மாவும் நானும் என்று பேசியது, புறப்படும் காலையில் பதினொரு பேராகியிருந்தது. அயல்வீட்டு அக்கா, அவருடைய பிள்ளைகள், எனக்கு முறை என்னவென்றே தெரியாத ஒரு மாமா. கூடவே அரிசி மூட்டை, தண்ணீர்க் கலன்கள், திருவலை. வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வானில் இருந்தால் அந்தக் கேள்வி எழாது.

சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியாகப் போனால் பாதை நல்லது. ஆனால் தேவன்பிட்டியில் பெரியம்மா வானை நிறுத்தச் சொல்வார் என்பதைக் கணக்கில் எடுங்கள். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருமார் மாதா சிலையை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். ஓகஸ்டில் சிலை திரும்பிப் போனது. எல்லோரும் இறங்கிச் செபமாலையில் பத்து மணிகளைச் சொன்னார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவவும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்தவதானே" என்றார் பெரியம்மா, வானில் ஏறிக்கொண்டே. உண்மைதான். சிலை முதலில் இருந்தது மாந்தையில். 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்கர் மறைந்துதான் செபிக்க வேண்டியிருந்தது. 1670 அளவில் இருபது குடும்பங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், இன்றைய மடுவான மருதமடுவில் வைத்ததாகச் சொல்வார்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய கோவிலை 1872 இல் தொடங்கியவர் யாழ்ப்பாண ஆயர் பொன்ஜீன் ஆண்டகை. முகப்பு பிறகு வந்தது, லூர்து கெபியும் பிறகுதான். கோவில் அபிஷேகமானது 1944 இல். ஆடித் திருநாள் நடக்கும் ஜூலை 2 ஆம் திகதியில்தான் 1924 இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள்.

கட்டடத்தை ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறவர் திருநாளுக்கு வரவேண்டாம். வேறொரு மாதத்தில், வேலைநாளில் வாருங்கள். கொழும்பிலிருந்தானால் தலைமன்னார் ரயிலில் மடு றோட்டில் இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதையில் போகலாம். பீடத்தின் உயரத்தில் இருக்கும் சிலை நீங்கள் நினைத்ததைவிடச் சிறியது. திருநாளில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் பிடரிதான்.

கொட்டில் என்றால் தறப்பாள். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, மேலே போட்டு, நான்கு மூலையும் இழுத்துக் கட்டுவது. நான் கட்டியது இரண்டு முறை அவிழ்ந்தது. எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மா வந்து, முளையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளால் எடுத்து இழுத்தார். கடைசி நாள்வரை அது அசையவில்லை. பக்கத்துக் கொட்டிலில் சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம், அந்த அம்மா கைதட்டினார். இந்த முடிச்சை எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. 1990 இலிருந்து அகதிகள் ஆயிரக்கணக்கில் இதே மரங்களுக்குக் கீழ் இப்படித்தான் இருந்தார்கள், பெரியம்மாவும் இருந்தார். 1999 நவம்பர் 20 ஆம் திகதி கோவிலில் ஷெல் விழுந்து அடைக்கலம் தேடியிருந்தவர்களில் 40 பேரளவில் இறந்தார்கள். அன்று நான் ஸ்காபரோவில் இரவு வேலையில் இருந்தேன். அவர் அன்று எங்கே இருந்தார் என்றும் இன்றுவரை கேட்கவில்லை.

சரி, உங்களுக்குத் தேவையானது: கிணற்றடிக்கு விடிய நாலு மணிக்கு முன் போங்கள். இடுப்பு நோ உள்ளவர்கள் பாயை நம்பாதீர்கள். பூசை தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும், நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள்.

நான் இருந்தது நாலு இரவு. பத்தாம் திகதி காலை புறப்பட்டபோது பெரியம்மா மிச்ச நாளைத் தான் இருந்து தீர்ப்பதாகச் சொல்லி, ஒரு சிறு பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தார். மடு மண். பாம்புக்கடிக்கு அதுதான் மருந்து என்பது பழைய நம்பிக்கை. வீட்டு வாசலில் கொஞ்சம் தூவச் சொன்னார். கனடாவுக்குள் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். தந்தால் வாங்குங்கள், பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். நான் அதைக் கட்டுநாயக்காவில் தங்கிய விடுதியின் பூச்சாடி ஒன்றில் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கும்போது வாசலில் தூவினாயோ என்று கேட்கிறார். தூவினேன் பெரியம்மா என்கிறேன்.